46 வயதில் நேர்சிங் படிக்கப் போகிறேன்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

லண்டனிலும் ஊரிலும் இருக்கிற என் சொந்தங்களுக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோருக்கும், என்னோடு வேலை செய்கிற சினேகிதிகளுக்கும், கொலிஜ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் இருந்து பதில் வந்துவிட்டது. நேர்சிங் பட்டப்படிப்புக்கு நிபந்தனையோடு இடம் தந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போக ஆயத்தப்படுத்துகிற அக்சஸ் டிப்ளோமாவை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், அதை அவர்கள் கேட்கிற தரத்தில் முடித்துவிட்டால் 2026 செப்டெம்பரில் வகுப்பு. செய்தி கேள்விப்பட்டு நிறையப் பேர் போன் எடுத்து, நீ கெட்டிக்காரி என்று சொன்னீர்கள், சரியான சந்தோஷமாக இருந்தது. ஆனால் இந்த விண்ணப்பத்துக்குள் யார் யாருடைய உழைப்பு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எல்லாருக்கும் முன்னால் ஒருக்கால் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிற மச்சானுக்குத்தான் முதல் நன்றி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் ஏ.எல். (உயர்தரம்) முதல் வருஷம். நாவற்குழிப் பாலம் தாண்டும்போது கையில் இருந்தது தம்பியும் ஒரு உடுப்புப் பையும் மட்டும்தான், ஓ.எல். (சாதாரண தரம்) சான்றிதழ் வீட்டு அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. அதோடு படிப்பும் நின்றது. இத்தனை வருஷம் கழித்து அந்தச் சான்றிதழ் வேணும் என்று கேட்டதும், என்னத்துக்கு இப்ப என்று ஒரு வார்த்தை கேட்காமல், பரீட்சைத் திணைக்களத்தோடு மாறி மாறிக் கதைத்து, சுட்டிலக்கம்கூட நினைவில்லாத என் பெறுபேற்றைத் தேடி எடுத்து அனுப்பினார். கொலிஜில் அதைப் பார்த்தார்கள், ஒரு சின்னச் சோதனையும் வைத்தார்கள், நேரே ஜீ.சி.எஸ்.ஈ. (இங்கத்தைய ஓ.எல். மாதிரி) கணித வகுப்பில் இருத்திவிட்டார்கள்.

அக்சஸ் என்று ஒரு படிப்பு இருப்பதையே எனக்குச் சொன்னது எங்கள் முதியோர் இல்லத்து இரவுப் பொறுப்புத் தாதி. கானாக்காரி, அவரும் நாற்பது தாண்டித்தான் படித்தவர். இங்கிலாந்தில் 21 வயதுக்கு மேல் முதல் பட்டத்துக்குப் போகிற எவரும் 'மெச்சூர் ஸ்ரூடன்ற்' தான், உன்னைப்போல ஆட்கள் வகுப்பு நிறைய இருப்பார்கள் என்றார். ஏ லெவல் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக இந்த டிப்ளோமா செய்யலாம். மொத்தம் 60 கிரெடிட், அதில் 45க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்ரிங்ஷன் என்று தரம் போடுவார்கள், பல்கலைக்கழகம் பார்ப்பதும் அதைத்தான். வீட்டில் இவர் பயந்தது கடனுக்கு. ஒரு கடனை எடுத்து அக்சஸ் படித்து, பிறகு இன்னொரு கடனை எடுத்துப் பட்டம் படிப்பதா என்று கேட்டார், நியாயமான கேள்விதானே. அதற்கும் அந்தத் தாதியே பதில் சொன்னார்: அக்சஸுக்கு எடுக்கும் கடன், அதற்குப் பிறகு பட்டப்படிப்பை முடித்துவிட்டால் மிச்சம் தள்ளுபடி. விடியப்புறத் தேத்தண்ணி நேரத்தில் அரசாங்கப் பக்கத்தைத் தன் போனில் திறந்து, வரி வரியாக வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கத்தை நான் படம் எடுத்துக்கொண்டு போய் இவரிடம் காட்டின பிறகுதான் எங்கள் வீட்டில் படிப்புப் பேச்சு நிலைத்தது.

அப்புறம் கணிதம். நேர்சிங்குக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜீ.சி.எஸ்.ஈ. தரம் 4 கேட்பார்கள். அது இல்லாத வயதுவந்தவர்களுக்கு இங்கே கொலிஜில் இலவசமாகப் படிப்பிக்கிறார்கள், இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஆங்கிலம் வேலையால் பழகியிருந்தது. கணிதத்தில் மூன்று வினாத்தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், முதல் தாளுக்குக் கல்குலேற்றரே இல்லை. மாலை வகுப்பு எடுத்த ரீச்சர் பின்னத்தில் தொடங்கினார். வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறி, நிறம் தீட்டிக் காட்டினார். நான் கொப்பி ஓரத்தில் ஊரில் படித்த மாதிரி எண்களை வரிசையாக எழுதி, கீழே கீழே வகுத்து, பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) எடுத்துக்கொண்டு இருந்ததைக் கண்டுவிட்டு, பிழை என்று சொல்லவில்லை. மார்க்கர் பேனையைத் தந்து, போய் எல்லாருக்கும் செய்து காட்டு என்றார். இருபது வயதுப் பிள்ளைகளும் சோமாலியாத் தாய்மாரும் ஒரு போலந்து ட்ரைவரும் இருந்த வகுப்பு. அடுத்த கிழமை அவர்களில் அரைவாசிப் பேர் அந்த முறையில்தான் கணக்குச் செய்தார்கள். எனக்குள் பழைய படிப்பு செத்துப்போகவில்லை என்று எனக்கே காட்டினது அந்த ரீச்சர்தான். அவர் இல்லாவிட்டால் நான் விகிதத்தோடு நின்றிருப்பேன். மருந்து அளவுக் கணக்குகள் முழுக்க முழுக்க விகிதம்தான், ஆகையால் நாளைக்கு நான் ஒரு நோயாளிக்குச் சரியான மில்லிலீற்றர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது அதில் அவருடைய கை இருக்கும்.

மகளுக்கு என்ன சொல்ல? அவள் ஏ லெவல் படித்துக்கொண்டு தன்னுடைய யூகாஸ் (பல்கலைக்கழக) விண்ணப்பத்தை ஒரு பக்கம் நிரப்ப, நான் அதே மேசையில் என்னுடையதை நிரப்பினேன். 2026 சேர்க்கை தொடக்கம் அந்தச் சுயவிபரக் கட்டுரையை மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவும், படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, இடைவெளியும் எண்ணப்படும். என் முதல் வரைவில் சேவை, அர்ப்பணிப்பு, சின்ன வயதுக் கனவு எல்லாம் இருந்தது. மகள் ஆறுதலாக வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இதை ஆரும் எழுதலாம். நீங்கள் இரவில வேலைக்குப் போய் என்ன பாக்கிறியள் எண்டு எழுதுங்கோ." அவளே கேள்வி கேட்டு, நான் தமிழில் சொல்லச் சொல்ல, குறிப்பு எடுத்தாள். ஒரு தாத்தா, நல்லாகக் கதைத்துக்கொண்டு இருந்தவர், இரண்டு நாளில் ஆளே மாறி, இடம் வலம் தெரியாமல் குழம்பினார். மறதி நோய் கூடிவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரம், நான் அவர் குடித்த தண்ணீர்க் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்துவிட்டுப் பொறுப்புத் தாதிக்குச் சொன்னேன். ஆளுக்குத் தண்ணீர் போதாது, சலத்தில் தொற்று. மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில் பழையபடி கிரிக்கெட் கதைத்தார். இது எழுதக்கூடிய விஷயம் என்றே நான் நினைத்திருக்கவில்லை. நேர்முகத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

நேர்முகம் என்றதும் கோயிலடி அக்காவை நினைக்காமல் இருக்க முடியாது. அரச மருத்துவமனையில் காலமெல்லாம் வேலை செய்தவர். ஞாயிறு பின்னேரங்களில் தன் வீட்டு ஹோலில் என்னை இருத்தி, பரீட்சகர் மாதிரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கூட வேலை செய்கிறவர் பிழையான மருந்து கொடுப்பதைக் கண்டால் என்ன செய்வாய்? நான் நேர்மை, பொறுப்பு என்று தொடங்கினால் உடனே மறிப்பார். "முதல் நோயாளியைப் பார், பிறகு ஆருக்குச் சொல்லுவாய் எண்டு சொல்லு, பிறகு எங்க எழுதி வைப்பாய் எண்டு சொல்லு." அந்த வரிசை இப்போது எனக்கு நித்திரையிலும் வரும்.

நேர்சிங் மாணவர்களுக்கு வருஷம் 5,000 பவுண் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை இருக்கிறது என்று தமிழ்ப் பாடசாலை வாசலில் சொன்ன தங்கச்சிக்கும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும் என்று அடுத்த கிழமை விபரத்தை அச்செடுத்துக்கொண்டே வந்த அவருடைய கணவருக்கும் நன்றி. வகுப்பு நாளுக்கு முந்தின இரவு வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, வெள்ளி இரவை எனக்கு மாற்றித் தந்த சினேகிதிகளே, உங்கள் வெள்ளிக்கிழமைகளை எனக்காக அல்ல, உங்கள் சௌகரியத்துக்காக மாற்றினதாகச் சொன்னீர்கள். நான் அதை ஒருநாளும் நம்பவில்லை.

மாமி, முழங்கால் நோவோடு நின்று நீங்கள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான் நான் படித்தேன். இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, நான் கொப்பியோடு இருந்தால் ரீவியைப் போடாமல் பாத்திரம் கழுவப் போய்விடுவார். நான் இந்த மடல் எழுதுவதே அவருக்குக் கூச்சம். இருந்தாலும் பெயர் போடாமல் எழுதிவிட்டேன்.

இன்னும் டிப்ளோமாவில் இரண்டு ஒப்படை பாக்கி. அது முடிந்ததும் என் கணித வினாத்தாள் கட்டு, மகள் திருத்தின வரைவுகள், அக்காவின் கேள்விப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கிறேன். உங்களில் ஆருக்காவது, அல்லது உங்களுக்குத் தெரிந்த ஆருக்காவது, அடுத்த வருஷம் விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் சனிக்கிழமை பாடசாலை முடிகிற நேரம் என்னைப் பிடியுங்கோ. ஜனவரி நடுப்பகுதியில் யூகாஸ் முடிவுத் திகதி வரும், ஆனால் கணிதம் இல்லாதவர்கள் இந்த செப்டெம்பரிலேயே கொலிஜில் பதிய வேணும். படிவம் நிரப்ப நான் வந்து பக்கத்தில் இருப்பேன்.