சாம்பிள் ரூமுக்குள் யார் வரலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவையொட்டி வந்த உங்கள் உயர்கல்வி வழிகாட்டியில் ஆடை வடிவமைப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அது வந்தது மே மாதம். நிஃப்ட் என்கிற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். பிப்ரவரியில் தேர்வும் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிட்டு பி.காம். சேர வேண்டும். எங்கள் திருப்பூரில் பெரும்பாலும் பி.காம்.தான். வசதியான வீடுகளில் பதினொன்றாம் வகுப்பிலேயே கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டெய்லருக்கு அந்தக் கட்டணம் நாலைந்து மாதச் சம்பளம்.

நிஃப்ட்டில் பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு இரண்டு தாள்கள். ஒன்றில் வரைந்து காட்ட வேண்டும், இன்னொன்று பொதுத்திறன். அதில் தேறியவர்களுக்கு அப்புறம் ஒரு செய்முறைச் சுற்று. காகிதம், கம்பி, தெர்மக்கோல் என்று எதையாவது கொடுத்து, சொன்ன பொருளுக்கு ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள். அதில் எங்கள் பிள்ளைகள் சோடை போக மாட்டார்கள். அதுவரை வந்து சேர வேண்டுமே! கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஜேஇஇ மெயின் தேர்வையும் 2021 முதல் தமிழில் எழுதலாம். இவற்றை நடத்தும் அதே தேசியத் தேர்வு முகமைதான் இப்போது நிஃப்ட் தேர்வையும் நடத்துகிறது. நிஃப்ட் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிறுவனம், சென்னை தரமணியில் 1995 முதல் வளாகம் இருக்கிறது, கேள்வி மட்டும் தமிழில் வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பலர் எங்கள் அரசுப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களை வரைந்து கொடுப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோது ஒருமுறை, ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்து குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு டெக் பேக் (அளவும் தையல் விவரமும் எழுதிய தாள்கள்) வந்தது. பையருக்கு முதலில் அனுப்பும் மாதிரி உடுப்பைத் தைக்கும் சாம்பிள் ரூமில் இருந்த அக்கா, கழுத்தில் வைக்கும் ரிப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், இந்த அளவுக்கு வெச்சா தலையில போகாதுங்க” என்றார். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி, “டெக் பேக்ல இருக்கறபடியே தைங்கக்கா, பையர் கேட்டதைக் கொடுப்போம்” என்று சொல்லிவிட்டார். தைத்து அனுப்பினோம். கழுத்து இழுவை போதவில்லை, மாற்றி அனுப்பவும் என்று பையரிடமிருந்து கமெண்ட் வந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, படித்ததைச் செய்தார். ஆனால் துணி எவ்வளவு இழுபடும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எந்தத் தையல் எங்கே பிரியும் என்று பார்த்ததும் சொல்கிற அந்த அக்கா கடைசிவரை சாம்பிள் டெய்லராகவே இருந்தார். சம்பளமும் அந்தத் தம்பியின் சம்பளத்தில் பாதிதான். பிளஸ் டூ படித்த அவருடைய மகளுக்கு டிசைன் என்றால் தெரிந்ததெல்லாம் பிளவுஸில் போடும் ஆரி ஒர்க்தான். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊரில் இந்த நிலைமை.

பணம் அடுத்த தடை. நிஃப்ட்டில் நான்கு வருஷத்துக்குக் கட்டணம் மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்து எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியது. மத்திய நிறுவனமான நிஃப்ட்டில் அது செல்லாது. கண்ணூர் வளாகத்தில் கேரளப் பிள்ளைகளுக்கென்று கூடுதல் இடம் இருக்கிறது. சென்னை வளாகத்தில் நமக்கு அப்படி இல்லை. தமிழக அரசு இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஐஐடி, எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் செலவை ஏற்பதாக அரசு 2022இல் அறிவித்ததே, அதில் வடிவமைப்புப் படிப்புகளுக்கு என்ன வழி என்பதை உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் பல வீடுகளுக்கு உதவும்.

கைவினைஞர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நிஃப்ட்டில் இப்போது தனிப் பிரிவு இருக்கிறது. கைவினை அல்லது கைத்தறி வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கொடுக்கும் அடையாள அட்டை வேண்டும். நல்ல ஏற்பாடு. சென்னிமலை, ஆரணி, காஞ்சிபுரம் பள்ளிகளில் இதை முதலில் ஒட்டி வைக்க வேண்டும். ஆனால் ஓவர்லாக் மிஷினில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு அந்த அட்டை கிடையாது. தறியில் இருந்தால் கைவினைஞர், பனியன் கம்பெனியில் இருந்தால் வெறும் தொழிலாளியா? தையல் தொழிலாளர் பிள்ளைகளையும் இந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

எல்லாவற்றையும் டெல்லியிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐயில் ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பம் படிக்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எடுக்கிறார்கள். எடுத்து எங்கே உட்கார வைக்கிறார்கள்? செக்கிங் டேபிளில், பேக்கிங்கில், ஆள் குறைகிற லைனில். பழகுநர்களில் சிலரையாவது பேட்டர்ன் டேபிளிலும் சாம்பிள் ரூமிலும் பேட்டர்ன் வரையும் கேட் (CAD) கம்ப்யூட்டரிலும் ஆறு ஆறு மாதம் சுற்றிவரச் செய்யலாம். இதற்காக முதலாளிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை, மாஸ்டர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். (எங்கள் ஆட்களில் சிலர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று பேட்டர்னை மறைத்து வைப்பார்கள் என்பதும் உண்மை. அதையும் மாற்றத்தான் வேண்டும்.)

வெளியூரிலிருந்து எடுக்கும் டிசைனர்கள் இரண்டு வருஷத்தில் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள் என்று முதலாளிகள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். அடுத்தமுறை அவர்கள் அப்படிப் புலம்பினால், உங்கள் கம்பெனியில் பழகுநர்கள் எத்தனை பேர், அதில் சாம்பிள் ரூமில் எத்தனை பேர் என்று உங்கள் நிருபர் கேட்டு, பதிலை அப்படியே போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் மாஸ்டர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.