உன் அப்பத்தா ரத்தமும்தானே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவளுக்கு வைகாசியில் கல்யாணம், பத்திரிகை தனியாக அனுப்புகிறேன். நீ உன் மகன் கதிரைப் பற்றி எழுதியதுதான் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டதுமே கை ஓங்கிவிட்டாய். பிள்ளை முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். "அப்பன் புத்தி ரத்தத்துல வந்துருச்சுடா" என்கிறாய். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, வாத்தியார் போர்டைத் துடைக்கக் கையைத் தூக்கினாலே நீயும் அப்படித்தான் குனிவாய். உன் அப்பா அடித்த பெல்ட் தடம் தெரியாமலிருக்கப் பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வருவாய்.

அடி எப்போது விழுமென்று தெரியாமல் வளர்கிற பிள்ளை, காலடிச் சத்தத்தில்கூட ஆபத்தைத் தேடப் பழகிவிடும். யோசிக்கும் முன்பே நெஞ்சு படபடக்கும், உடம்பு முறுக்கேறும். அன்று உன்னைக் காப்பாற்றிய பழக்கம் இன்னும் அடங்கவில்லை. நீ கோபம் என்கிறாய், எனக்கு அது பழைய பயமாகத்தான் தெரிகிறது. அதற்காகக் கதிர் அடி வாங்க முடியாது, செல்வம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் நாற்பது வயதுவரை கவனித்துவந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத சண்டை என்று பல கஷ்டங்களைச் சேர்த்து அனுபவித்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். நம்பி ஒட்டிக்கொள்ள அவர்களுக்குத் தாத்தா, பாட்டி, டீச்சர் என்று யாராவது ஒருவர் இருந்தார். பதின்வயதில் தடம் மாறியவர்களிலும் பலர் முப்பதுகளில் தேறிவிட்டார்கள். இதைப் படித்தபோது உன் அப்பத்தாதான் நினைவுக்கு வந்தார். பெற்ற மகன் என்றும் பார்க்காமல் பெல்டுக்குக் குறுக்கே நின்று, "முதல்ல என்னை அடிடா" என்றவர். ரத்தம் என்று பேசினால் அவர் ரத்தமும்தானே உன்னிடம் ஓடுகிறது?

இன்றைக்கே கதிரிடம், "கை ஓங்குனது அப்பா தப்பு, உன் மேல தப்பில்ல" என்று சொல். பிறகு 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நேரில் மருத்துவரைப் பார்க்கத் தயங்கினால் சொல், நானும் கூட வருகிறேன். நடு ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடு.

உன்,
பாண்டி