பாஸ்வேர்டு பெட்டகம்: மழைக்கு முன் முடிச்சிடுங்க

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி உறுப்பினர்களுக்கு வணக்கம்.

'பாஸ்' (pass)ங்கிறது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற மென்பொருள். அதை நிறுவியவங்க முதல்ல ஜிபிஜி (GPG, கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டுற மென்பொருள்) சாவி உருவாக்கி, அதன் அடையாளத்தோட 'பாஸ் இனிட்' (pass init) கட்டளை கொடுங்க. அடுத்தது 'பாஸ் கிட் இனிட்' (pass git init). கிட்ங்கிறது கோப்புகள்ல நடக்கிற மாற்றங்களை வரலாறா சேமிக்கிற மென்பொருள். இதுக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றமும் தானா கமிட் ஆகும், அதாவது அந்த வரலாற்றுல பதிவாகும். புஷ், அதாவது வேற இடத்துல இருக்கிற நகலுக்கு அனுப்புறது, மட்டும் தானா ஆகாது. 'பாஸ் கிட் புஷ்' நீங்கதான் அடிக்கணும். பலர் கோட்டை விடுறது இங்கதான்.

பூட்டப்படுறது கோப்பின் உள்ளடக்கம் மட்டும். கோப்புப் பெயரும் கமிட் குறிப்பும் அப்படியே தெரியும். அதனால வங்கிப் பெயர், கணக்கு எண்ணைத் தலைப்பா வைக்காதீங்க.

சாவி வெளியே போயிட்டா, புதுச் சாவியில மறுபடி பூட்டுறது மட்டும் போதாது. கிட் வரலாற்றுல பழைய கோப்புகள் பழைய சாவிக்கே திறக்கும். பாஸ்வேர்டுகளையே மாத்தணும், வேற வழியில்ல.

ரேஷன் கார்டு ஸ்கேன் போடலாம். கல்யாண வீடியோ வேண்டாம்: பூட்டிய கோப்புல சின்ன மாற்றம்னாலும் கிட் முழுசையும் புதுசா சேமிக்கும், பெட்டகம் ஊதிடும்.

ரகசியச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைக்காதீங்க. அதை ஏற்றுமதி செஞ்சு 2 பென் டிரைவ்ல எடுங்க. ஒண்ணு தண்ணி ஏறாத வேற ஏரியா மாடி வீட்டுல இருக்கட்டும். சாவியின் கடவுச்சொற்றொடர் மறந்தா யாராலும் மீட்க முடியாது, தாள்ல எழுதி பீரோவுல வைங்க. பென் டிரைவோட சேர்த்து இல்ல.