ஓடைப் பாலம் பற்றி

பாப்பா,

"சின்ன ஓடைதானேப்பா, மேலிருந்தே பார்த்தாச்சு" என்று சொல்லி போனை வைத்தவள், பத்து நாளாக எடுக்கவில்லை. மழைக்கு முந்தைய இன்ஸ்பெக்‌ஷன் சமயம், வேலை இருக்கும். நான் அந்த ஓடை ரயில் பாலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிளேட் கர்டர், தண்டவாளத்தைத் தாங்கும் அந்த இரும்பு உத்தரம், மேலிருந்து பார்த்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்லீப்பர் கட்டையைக் கர்டரோடு பிடித்து வைக்கும் ஹூக் போல்ட் ஒன்றுதான் மேலிருந்து பிடிபடும்: தலையில் வெட்டிய கோடு தண்டவாளத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும். திரும்பியிருந்தால் கொக்கி கர்டரின் விளிம்புத் தகட்டை, ஃபிளாஞ்சை, விட்டுவிட்டது. மற்றதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்லீப்பருக்கும் டாப் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் நின்று துரு தின்னும், அதைப் பார். ரிவெட் தலையின் ஒரு பக்கத்தைத் தட்டும்போது, மறுபக்கத்தில் தலையும் தகடும் சேரும் இடத்தில் விரல் வை. தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரியும், காது ஏமாற்றும். தலையைச் சுற்றிச் செந்துரு வளையம் இருந்தால் தட்டும் முன்பே சந்தேகப்படு. டாப் ஃபிளாஞ்சிலும், கர்டர்களை இணைக்கும் பிரேசிங் சேரும் இடத்திலும்தான் அதிகம் தளரும். காம்பர், அதாவது கர்டரின் மேல்நோக்கிய வளைவு, அளப்பதானால் விடியலில் அள. வெயிலேறினால் மேல் தகடு நீண்டு, கர்டர் இல்லாத வளைவைக் காட்டும். சாப்பிட்டுவிட்டுப் போ.

சின்ன ஓடை என்று சொல்லாதே. 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாறு, வெள்ளத்தில் பாலம் போய் ரயில் கவிழ்ந்தது. காவிரியா கொள்ளிடமா அது? 140 பேருக்கு மேல் போனார்கள், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். கரையோரம் பாலத்தைத் தாங்கும் அபட்மென்ட் சுவரின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று இறங்கிப் பார்.

தண்டவாளம் பார்த்து நடந்த கீமேன் மகள் ஜே.இ., ஜூனியர் இன்ஜினியர் என்று இங்கே டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஜே.இ. மேலிருந்து பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவாளா?

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கர்டர் முனை உட்கார்ந்து நகரும் பேரிங்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, கர்டரை ஜாக்கியில் தூக்கி, சுரண்டித் துடைத்து, கிராஃபைட் கிரீஸ் வைக்க வேண்டும். மேஸ்திரியாக இருந்தபோது ஒரு தடவை தூக்காமலே, ஓரத்தில் கிரீஸைப் பூசிவிட்டு, "முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். நாற்பதடி கர்டர் 30 டிகிரி சூட்டுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நகர வழியில்லாவிட்டால் பேரிங்கைத் தாங்கும் பெட் பிளாக்கைத் தள்ளும். அடுத்த முறை போனபோது பெட் பிளாக்கில் விரல் நுழையும் விரிசல். ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இறங்கிப் பார்த்தால் போன் பண்ணு. இறங்காவிட்டாலும் பண்ணு.

அப்பா