பித்தளை என்றால்தான் பழசாகும்

ஆசிரியருக்கு,

மலிவு வாட்ச்சை ஸ்டீம்பங்க் பாணியில், அதாவது நீராவி எஞ்சின் காலத்துப் பொருள்போலப் பழசாக்கிக்கொள்ளும் மோகம் இங்கேயும் வந்துவிட்டது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வினிகரும் உப்பும் தடவினால் எந்த வாட்ச்சும் கறுத்துவிடும் என்று சிலர் சொல்லித்தருவது சரியில்லை. அது பித்தளைக்கும் செம்புக்கும்தான் பொருந்தும், விலை குறைந்த வாட்ச்சில் பெரும்பாலும் துத்தநாகக் கலவைமேல் முலாம்தான் இருக்கும், வினிகரில் முலாம் பொரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரியும், அவ்வளவுதான்.

வார் மாட்டும் இடத்தின் உட்பக்கத்தில் லேசாக அரம் போட்டுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெளுப்பாக இருந்தால் பெயின்ட்தான் வழி: கறுப்பு அக்ரிலிக்கைப் பூசி உடனே துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்குபோல நிற்கும். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும்.

பித்தளையென்றால் மெஷினையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் மூடிய டப்பாவில் அம்மோனியா ஆவி படும்படி வையுங்கள். இதை மொட்டைமாடியில் செய்யுங்கள், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

அப்புறம் பல்சக்கரங்களை டயல்மேல் ஒட்டாதீர்கள், முள் இடித்து நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை