சாய்ந்த மரத்தின் வேரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

புயல் வந்து போனால் போதும், 'வெளிநாட்டு மரங்களை நட்டதுதான் தப்பு' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதிலிருந்து இது இன்னும் பலமாகக் கேட்கிறது. அதில் பாதிதான் உண்மை.

ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லும் பழைய சாலைகளில் நிழலும் பலனும் தரும் மரங்களையே நட்டார்கள். நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்கு எண் எழுதிக் கணக்கு வைத்து, காய்ப்பை ஏலம் விடுவதும் அந்த வழியில் வந்ததுதான். அந்தப் புளியின் பூர்வீகமே ஆப்பிரிக்கா! மடகாஸ்கரின் மயில்கொன்றையும் (குல்மோகர்) அமெரிக்க வெப்பமண்டலத்துத் தூங்குமூஞ்சியும் நகரத் தெருக்களுக்குப் பிந்தி வந்தவை. சீக்கிரம் வளர்ந்து குடை விரிக்கும் என்பதால் கொண்டுவந்தார்கள். மயில்கொன்றையின் கிளை லேசில் முறியும், வேரும் மேலாகப் படரும். அது மெய்தான். ஆனால் நம்மூர் வேம்பையும் புங்கனையும் அதே மாதிரி ஆழமில்லாத குழியில் நட்டால் அவையும் சாயும்.

சாய்ந்த மரத்தின் அடியைப் பார்த்தால் விஷயம் புரியும். வேர் தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் மொட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். வடிகாலுக்கோ கேபிளுக்கோ பொக்லைன் தோண்டிய இடம் அது. நடுவில் கன்று வளர்த்த பாலித்தீன் பையின் கிழிசல்கூடக் கிடக்கும். பையில் வளைந்து சுருண்ட வேரைப் பிரித்துவிடாமல் நட்டால், அது வெளியே ஓடாமல் தன்னையே சுற்றிக்கொண்டு தடிக்கும். பத்துப் பதினைந்து வருடம் மரம் நன்றாகத்தான் தெரியும். பலத்த காற்று வரும் அன்றைக்குத்தான் குட்டு உடையும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் மூன்றடி வேண்டும். விழாவுக்காக அவசரமாகத் தோண்டும் ஓரடிக் குழி போதாது. பையை முழுதாகக் கழற்றி, சுற்றிய வேரை நறுக்கிவிட வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் நிற்க வேண்டும். அதன் மேல் மண் ஏற்றினால் பட்டை அழுகும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் நட்டால் முதல் மூன்று மாதம் மழையே பார்த்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கோடைக்கு லாரித் தண்ணீர் வந்தே தீர வேண்டும்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டது. இங்கே நடைபாதைக் கல்லை அடிமரம் வரை நெருக்கிப் பதிக்கிறோம். மழைநீர் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. ஒன்றரை அடி தடிமனுள்ள மரத்துக்கு ஐந்தடிக்குள் பள்ளமே தோண்டக் கூடாது. வேறு வழியில்லையென்றால் கையால் தோண்டி, பெரிய வேருக்கு அடியில் குழாயை நுழைக்கலாம்.

மின்கம்பிக்காக ஒரே பக்கம் கிளை கழிப்பதும் மரத்தைச் சாய்க்கும். பாரம் முழுவதும் மறுபக்கம் போய்விடுகிறது. கம்பிக்கு அடியில் மந்தாரை போன்ற சிறு மரங்களை நட்டாலே அந்த வேலை மிச்சம்.

மாநகராட்சியிடம் ஒன்று கேட்கலாம். வடிகால் ஒப்பந்தத்தில் வேர் வெட்டுக்குத் தனியாக அபராதம் எழுதுங்கள். அப்படியே, கன்று மரமான பிறகும் கழற்றாமல் விட்ட இரும்புக் கூண்டுகளை எடுக்கவும் ஆள் அனுப்புங்கள். பல இடங்களில் கம்பி பட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

– ஒரு வாசகர், சென்னை