முன்தண்டுக்கு எந்த மரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கையால் செய்யும் நாணல் அம்பைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை தண்டை விரிவாகச் சொல்லிவிட்டு, நாணலுக்கும் முனைக்கும் இடையில் செருகும் முன்தண்டுக்கு வைரம் பாய்ந்த மரம் எதுவானாலும் சரி என்று ஒரே வரியில் தாண்டிப் போனது. அம்பு பெரும்பாலும் முறிவது முனைக்குப் பின்னால் உள்ள அந்தப் பகுதியில்தான்.

நாணலுக்குள் வெறும் பொந்து. நேரே முனையைச் செருகினால் சில முறை எய்ததுமே வாய் பிளந்துவிடும். கலஹாரிப் பாலைவனத்தின் வேட்டைக்குடிகளான சான் மக்களும் இடையில் எலும்பையோ மரத்தையோ வைப்பார்கள். இந்தத் துண்டு கடினமாக இருந்தால் மட்டும் போதாது, வளைந்து நிமிரவும் வேண்டும். கருங்காலி பக்கவாட்டில் அடிபட்டால் ஒடிந்துவிடும். பலகையில் அறுத்த குச்சியில் நார் எங்காவது பக்கமாக வெளியேறும், முறிவும் அங்கேதான். குச்சியாகவே வளர்ந்த கிளையில் நார் முனைக்கு முனை ஓடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கொய்யாவை மிஞ்ச எதுவும் இல்லை. வெட்டிய அடிமரத்திலிருந்து நேராக எழும் விரல் தடிமன் துளிர் போதும். நடுச்சோறு, அதாவது கிளையின் நடுவே ஓடும் மென்பகுதி, மெலிதாக இருக்க வேண்டும். இங்கே அது பரவிவரும் அயல் மரம், தயங்காமல் வெட்டலாம். ஈட்டித் தண்டுக்குப் பேர்போன அசகாய் மரத்தின் மேல் ஆசைப்படுவோர் கவனிக்க: 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் இல்லாமல் கிளையைக்கூடத் தொடக்கூடாது. டம்போட்டி மரமோ, அதன் பால் கண்ணில் பட்டாலே வினை.

இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பட்டையை உரிக்காமல், இரு முனைகளிலும் மெழுகு பூசி, இறுகக் கட்டி, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிட வேண்டும். மெழுகு இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும்.

செருகும் பகுதி 4 செ.மீ. பலரும் அதைக் கூம்பாகச் சீவுகிறார்கள்; அடி விழும்போது அது ஆப்பாக இறங்கி நாணலைப் பிளக்கிறது. ஒரே தடிமனாக உருட்டிச் சீவி, நாணலின் வாயில் உட்காரும்படி ஒரு படி விடுங்கள். வாயிலிருந்து 4 செ.மீ. உள்ளே கணு வரும்படி நாணலை அறுத்தால், செருகிய முனை அதில் முட்டி நிற்கும். வெளியே 3 செ.மீ. நீளத்துக்கு ஈரத் தசைநார் சுற்றினால் காயும்போது தானே இறுகும். பசை தடவிய பருத்தி நூலும் ஆகும்.

ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிரில் இறுக்கமாகப் பொருத்திய முன்தண்டு டர்பனின் ஜனவரி ஈரத்தில் ஊதி நாணலைக் கீறிவிடும். எங்கே எய்யப் போகிறோமோ அங்கேயே இரண்டு வாரம் வைத்திருந்து, பிறகு பொருத்துங்கள்.

முன்பாரம் கூடினால் தண்டு அதிகம் வளையும், வலக்கைக்காரர் எய்த அம்பு வலப்பக்கம் விலகும். ஆகவே முன்தண்டை முதலில் 20 செ.மீ. விட்டு, எய்து பார்த்து, முன்முனையில் அரை அரை செ.மீ.ஆகக் குறையுங்கள். சரியான நீளம் கிடைத்த பிறகே முனையை நிலையாகக் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அம்பு செய்வோர் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்